குளிரும் கேஸ் அடுப்பும்

தை, மாசி மாதங்களில் மலைநாட்டில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "கேஸ் முடிஞ்சிருச்சு போல, அடுப்பு மினுக்கு மினுக்குன்னு எரியுது" என்பார்கள். உடனே சிலிண்டரைத் தோளில் ஏற்றி டவுனுக்கு அனுப்பிவிடுவார்கள். முடியாத கேஸையே திருப்பிக் கொடுத்துவிட்டு முழு விலைக்குப் புதியது வாங்கி வருகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. எங்கள் வீட்டிலும் அப்படி நடக்கப் பார்த்தது.

நான் வன்னியில் பிறந்தவள். 1977 கலவரத்துக்குப் பிறகு அம்மாவின் குடும்பம் அக்கரப்பத்தனைத் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிப் பக்கம் போனது. 2009 இல் எல்லாவற்றையும் இழந்து, மெனிக் பாம் முகாமில் இருந்து வெளியே வந்தபோது எங்களுக்கு மிஞ்சியிருந்தது சின்னம்மாவின் லயன் காம்பரா ஒன்றுதான். ஆகவே இந்தக் குளிரும் எனக்குப் புதிது, கேஸ் அடுப்பும் புதிது. வன்னியில் விறகுக்குக் குறைவில்லை. முகாமில் மூன்று கல். இங்கே கவ்வாத்து வெட்டிய மிலாறுதான் விறகு. மழை நாளில் அது எரிவதைவிடப் புகைவது அதிகம். சின்னம்மாவின் இருமலைப் பார்த்துத்தான் சீட்டுக் காசில் கேஸ் அடுப்பு வாங்கினோம்.

வாங்கிய சில மாதங்களில், 2021 நவம்பரில், நாட்டின் பல பாகங்களிலும் கேஸ் அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்ததாகச் செய்தி வரத் தொடங்கியது. வெடிச்சத்தம் என்றால் அம்மாவுக்கு என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்தை வாசிக்கும் சகோதரிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அடுப்பைத் தூக்கி இஸ்தோப்பில் வைத்துவிட்டார். மூன்று மாதம் அதன்மேல் படங்குச் சாக்குதான் கிடந்தது. அதன் பிறகு வந்தது தட்டுப்பாடு. 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டரின் கொழும்பு விலை 2022 ஏப்ரலில் 4,860 ரூபா ஆனது. அந்த விலைக்கும் நாள்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும். எனவே, மறுபடி கேஸ் கிடைக்கத் தொடங்கியபோது அதில் ஒரு துளியும் எங்களுக்குப் பெரிதாக இருந்தது.

2023 தை மாதம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், சின்னம்மாவுக்குக் கொழுந்து மலை என்பதால் காலை நாலரைக்கே அடுப்புப் பற்ற வேண்டும். புதிய சிலிண்டர் போட்டு ஆறு கிழமை ஆகவில்லை. அடுப்பு பற்றியது. ஐந்து நிமிடத்தில் சுவாலை சுருங்கி, தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவே அரை மணித்தியாலம் போனது. டவுனில் கடைக்காரரிடம் சொன்னால் "முடிஞ்சிருக்கும், கொண்டு வாங்க, மாத்தித் தாரேன்" என்றார். அவருக்கு என்ன, விற்பனை!

எனக்கு ஒரு விஷயம் இடித்தது. அதே அடுப்பு மத்தியானத்தில் நன்றாக எரிந்தது. முடிந்துபோன கேஸ் மத்தியானத்தில் மட்டும் எங்கிருந்து வரும்?

முதலில் மற்றக் குறைகளைப் பார்த்தேன். குழாய் எங்கும் மடியவில்லை. ரெகுலேட்டர் சரியாக அமர்ந்திருந்தது. பேர்னரின் ஓட்டைகளில் கஞ்சி பொங்கி அடைத்திருந்ததை ஊசியால் எடுத்தேன். காலையில் அதே மினுக்கல்தான்.

பக்கத்து லயத்தில் லீக்ஸ் தோட்டம் செய்யும் அக்காவிடம் மரக்கறி நிறுக்கும் தொங்கு தராசு இருக்கிறது. சிலிண்டரைக் கொண்டுபோய்த் தொங்கவிட்டோம். 17.2 கிலோ காட்டியது. வெறும் சிலிண்டரின் எடை அதன் கழுத்துப் பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். எங்களுடையதில் 13.6. ஆக, உள்ளே இன்னும் 3.6 கிலோ கேஸ்! அன்றைய விலைக்கு ஆயிரம் ரூபாவுக்கு மேல். சின்னம்மா அந்தக் குளிரில் மலையேறி இறங்கும் ஒரு நாள் சம்பளமே அப்போது ஆயிரம் ரூபாதான்.

காரணத்தைச் சொன்னவர் கனடாவில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணா. சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியாக மாறினால்தான் அடுப்புக்கு வரும். அந்தத் திரவம் புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டின் கலவை. புரொப்பேன் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகைக் குளிரிலும் ஆவியாகும். பியூட்டேன் பூச்சியத்தை நெருங்கினாலே சோர்ந்துவிடும். நம் நாட்டுக் கேஸில் பியூட்டேன்தான் கூடுதல். கிளிநொச்சி வெயிலில் அது பிரச்சினையே இல்லை. ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில், ஹோட்டன் சமவெளிக் காற்று இறங்கி வரும் தை மாத விடியலில்தான் அது முரண்டு பிடிக்கிறது. ஊசி போட முன் தாதி கையில் பூசும் ஸ்பிரிட் காயும்போது எப்படிக் குளிர்கிறது? அதுபோல, கேஸ் ஆவியாகும்போதும் சிலிண்டரின் சூட்டை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் பற்றவைத்து ஐந்து நிமிடத்தில் சுவாலை சுருங்கியது. புரொப்பேன் முந்திக்கொண்டு போய்விடுவதால், சிலிண்டர் குறையக் குறைய இந்தத் தொல்லையும் கூடும்.

கனடாவில் வாகனத்தையே வீடாக்கி, அதற்குள்ளேயே சமைத்து, படுத்து, மாதக்கணக்கில் ஊர் சுற்றுபவர்கள் இருக்கிறார்களாம். அவர்களுக்கு அங்கே சிலிண்டரில் கிடைப்பது புரொப்பேன்தான். பியூட்டேனைக் கொண்டுபோனால் மாரியில் பச்சைத் தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்று அண்ணா சிரித்தார்.

அப்படியென்றால் நமக்கும் புரொப்பேனைக் கூட்டித் தரலாமே என்று கேட்கத் தோன்றும். 2021 இல் நடந்ததே அதுதான். 20 வீதம் அளவில் இருந்த புரொப்பேன் பாதியளவுக்கு உயர்த்தப்பட்டது. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடியது. வெடிப்புகளை ஆராய ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழு, கலவையை மாற்றியதே முக்கிய காரணம் என்றது. கொழும்பின் வெக்கைக்கும் அக்கரப்பத்தனையின் குளிருக்கும் ஒரே கலவை. நாங்கள்தான் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பழகிக்கொண்டது இப்படி. சிலிண்டரைச் சீமெந்துத் தரையில் இருந்து எடுத்துப் பலகைமேல், நிமிர்த்தி வைத்தோம். கதவு இடுக்கால் வரும் காற்று படாத பக்கத்துக்கு நகர்த்தினோம். காலையில் ஒரு அடுப்பு மட்டும். இரண்டையும் பற்றவைத்தால் இரண்டும் சோரும். இரவே தண்ணீர் கொதிக்க வைத்துப் பிளாஸ்க்கில் ஊற்றிவிடுகிறோம்.

இதற்காகச் சிலிண்டர்மேல் கொதிதண்ணீர் ஊற்றுபவர்களையும், விறகடுப்புப் பக்கத்தில் வைத்துச் சூடு காட்டுபவர்களையும் இங்கே கண்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். சூட்டில் உள்ளே திரவம் விரியும், அழுத்தம் ஏறும். படுக்கவைத்தாலோ, குலுக்கினாலோ திரவமே ரெகுலேட்டருக்குள் வந்துவிடும்.

அம்மாவின் பயத்துக்கு இந்த விளக்கம் எதுவும் மருந்தாகவில்லை. சவர்க்கார நுரைதான் மருந்தானது. கிழமைக்கு ஒருமுறை ரெகுலேட்டரிலும் குழாயின் இரு முனைகளிலும் நுரையைப் பூசி, குமிழி வருகிறதா என்று அவரே பார்க்கிறார். நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்கள் இன்றே அதை விடுங்கள். கேஸ் காற்றைவிடப் பாரமானது. ஒழுகினால் தரையோடு படியும். நாங்கள் பாய் விரித்துப் படுப்பதும் அதே தரையில்தானே! மணம் வந்தால் லைட் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளோடு வெளியே வந்துவிட வேண்டும்.

கடையில் புதியது எடுக்கும்போதும் நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள். பொறித்திருக்கும் எடையோடு 12.5 கிலோ கூட இருக்க வேண்டும். "முடிஞ்சிருக்கும்" என்று கடைக்காரர் சொன்ன எங்கள் சிலிண்டர் அதற்குப் பிறகு பதினெட்டு நாள் எரிந்தது.