கையுறையும் கையூட்டும்

சாங்கி என்னும் பெயரைக் கேட்டவுடன் வெளிநாட்டார் நினைவில் எழுவது வானூர்தி நிலையம். 1981ஆம் ஆண்டில் திறக்கப்பெற்று உலகத்தாரின் பாராட்டுக்கு உரியதாய் நிற்கும் அந்நிலையத்தைச் சிங்கப்பூரர்கள் தம் வீட்டு முற்றம் போலவே எண்ணிப் பெருமை கொள்வர். எனினும் அப்பெயரைத் தாங்கிய இன்னோரிடம் அதனினும் மூத்தது. அஃது 1936இல் பிரிட்டிஷார் கட்டிமுடித்த சிறைச்சாலை. போர்க்காலத்தில் ஜப்பானியர் ஆயிரக்கணக்கானோரை அடைத்துவைத்த அச்சிறையின் பழைய கட்டடம் இடிக்கப்பட்டுவிட்டது. நுழைவாயிலும், 180 மீட்டர் நீளமுள்ள சுவரும், இரண்டு காவற்கோபுரங்களும் மட்டும் காக்கப்பெற்று 2016இல் தேசிய நினைவுச்சின்னமாயின. பயணிகள் இறங்கும் இடமும் கைதிகள் புகும் இடமும் ஒரே பெயரைச் சுமந்து, சில கல் தொலைவில் நிற்கின்றன.

2024ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் தேதி, அந்த வானூர்தி நிலையம் அடங்கிய போக்குவரத்துத் துறைக்கே அமைச்சராய் இருந்த திரு எஸ். ஈஸ்வரன், சாங்கிச் சிறையில் தம் தண்டனையைத் தொடங்கினார். பன்னிரண்டு மாதச் சிறை. 1997 முதல் நாடாளுமன்றத்தில் இருந்தவர். சிங்கப்பூருக்கு இரவுநேரக் கார்ப் பந்தயத்தைக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு உடையவர். தமிழ் நிகழ்ச்சிகளின் மேடைகளில் பன்முறை அமர்ந்தவர். தீபாவளிக்கு இன்னும் மூன்றரை வாரங்களே இருந்தன. சிராங்கூன் சாலையில் விளக்குத் தோரணங்கள் ஒளிர்ந்துகொண்டிருக்க, தேக்கா உணவுக்கடைகளில் தேநீரோடு தமிழ் முரசை விரித்தவர்கள் இச்செய்தியை இருவகையாகப் பேசினர். “நம்மவருக்கா இந்த நிலை?” என்றார் சிலர். “நம்மவராலா இந்த நிலை?” என்றார் வேறு சிலர். வேற்றுமை உருபு ஒன்றுதான் மாறியது. பொருளோ வானுக்கும் மண்ணுக்குமாக விலகிவிட்டது.

மக்கள்தொகையில் ஏறத்தாழ 9 விழுக்காட்டினரே இந்தியர். அவர்களுள் ஒருவர் உயர்ந்தால் அவ்வுயர்வு எல்லார்க்கும் உரியதாகும். ஒருவர் தாழ்ந்தால் அத்தாழ்வும் அங்ஙனமே. 2023ஆம் ஆண்டு இவ்வுண்மையை ஒரே பருவத்தில் இருமுறை உணர்த்தியது. அவ்வாண்டு ஜூலை 11ஆம் தேதி ஈஸ்வரன் கைது செய்யப்பட்டார். செப்டம்பர் 1ஆம் தேதி, இலங்கைத் தமிழ் வழிவந்த திரு தர்மன் சண்முகரத்னம் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்று அதிபர் தேர்தலில் வென்றார். ஆகவே இவ்வழக்கை இனத்தின் வழக்காகக் கொள்வதற்கு இடமில்லை. ஆயினும் துயரம் கணக்குப் பார்த்து வருவதில்லை.

வழக்கின் செய்தி என்ன? தொடக்கத்தில் 27 குற்றச்சாட்டுகள் 2024 ஜனவரி 18ஆம் தேதி சுமத்தப்பட்டன. மார்ச்சில் மேலும் 8 சேர்ந்து மொத்தம் 35 ஆயின. செப்டம்பர் 24ஆம் தேதி வழக்கு விசாரணை தொடங்கியபோது ஐந்து குற்றச்சாட்டுகளை அவர் ஒப்புக்கொண்டார். ஏனைய முப்பதும் தண்டனை விதிக்கையில் கருத்தில் கொள்ளப்பட்டன. கார்ப் பந்தய நுழைவுச்சீட்டுகள், தனியார் வானூர்தியில் கத்தார் நாட்டுக்கு ஒரு பயணம், மதுப்புட்டிகள், கோல்ஃப் மட்டைகள், ஒரு மிதிவண்டி எனப் பொருள்கள் நீண்டன. எல்லாவற்றின் மதிப்பும் சேர்த்து ஏறத்தாழ 403,300 வெள்ளி. கொடுத்தவர் இருவர். ஒருவர் பந்தயத்தை நடத்திய பெருவணிகர் ஓங் பெங் செங். மற்றவர் ஒரு கட்டுமான நிறுவனத்தின் இயக்குநர். அந்நிறுவனம், சாங்கிக்குப் பிரிந்து செல்லும் ரயில்தடம் தொடங்குகிற தானா மேரா நிலையத்தில் கட்டுமானப் பணிகளுக்கான ஒப்பந்தத்தைப் பெற்றிருந்தது. ஒப்பந்தம் அளித்ததோ போக்குவரத்து அமைச்சின்கீழ் இயங்கும் ஆணையம்.

ஓர் அமைச்சரின் ஆண்டு ஊதியம் பத்து இலட்சம் வெள்ளிக்கு மேற்பட்டது. ஒரு மிதிவண்டியைக் கடையில் வாங்க இயலாத வறுமை அவருக்கு இருந்திருக்க முடியாது. ஊதியத்தை உயர்த்தினால் ஊழல் ஒழியும் என்னும் கொள்கையை இந்நாடு நெடுங்காலமாகப் போற்றி வருகிறது. அக்கொள்கை பெரும்பாலும் பயனளித்ததென்பதில் ஐயமில்லை. ஆனால் பரிசின் இனிமை விலையில் இல்லையே! தமக்கென ஒருவர் தேடிக் கொணர்ந்தார் என்னும் எண்ணத்தில் அன்றோ அது இருக்கிறது. அவ்வினிமைக்கு எந்த ஊதியமும் ஈடாகாது.

இவ்விடத்தில் தமிழாசிரியர்க்கு உரிய செய்தி ஒன்று உண்டு. பழந்தமிழில் கையுறை என்னும் சொல், பெரியோரைக் காணச் செல்பவர் வெறுங்கையோடு செல்லாது கொண்டுசெல்லும் பொருளைக் குறித்தது. (இன்றைய மாணவர்க்கு அது கையில் மாட்டும் உறை மட்டுமே; அவர்களைக் குறைகூறுவதற்கில்லை.) மலைநாட்டு மக்கள் சேரன் செங்குட்டுவனைக் காண வந்தபோது யானைத் தந்தமும் அகிலும் தேனும் சுமந்து வந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. அரசன் அவற்றை ஏற்றான், எவரும் குறைகூறவில்லை. ஏனெனில் அவை அரங்கறிய, அவையறிய வந்தன. கையூட்டு என்பதோ வேறு. ஊட்டுதல் என்னும் வினை அச்சொல்லில் ஒளிந்திருப்பதைக் காண்க. குழந்தைக்குத் தாய் ஊட்டுவதுபோல, உண்பவனை ஊட்டுபவனுக்குக் கடமைப்பட்டவனாக்கும் செயல் அது.

கையுறைக்கும் கையூட்டுக்கும் இடையே உள்ள மங்கிய நிலத்தைத்தான் தண்டனைச் சட்டத்தின் 165ஆம் பிரிவு அளந்து வேலியிட்டிருக்கிறது. பொதுப்பணியாளர் ஒருவர், தம் அலுவலோடு தொடர்புடையவர் எனத் தாம் அறிந்த ஒருவரிடமிருந்து, தக்க விலை கொடாமல் மதிப்புள்ள பொருளைப் பெற்றால் அதுவே குற்றம். பெற்றதற்கு மாறாக அவர் என்ன செய்து கொடுத்தார் என்பதை அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. இப்பிரிவு இன்று நேற்று எழுதப்பட்டதன்று. மெக்காலே தலைமையில் வரையப்பெற்று 1860இல் இந்தியாவில் இயற்றப்பட்ட சட்டத்தைப் பின்பற்றி, நீரிணைக் குடியேற்றங்களில் 1872இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தின் வழித்தோன்றல் அது. இந்தியாவில் 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் வந்தபோது பழைய 165ஆம் பிரிவு நீக்கப்பட்டு அதன் கருத்துப் புதிய சட்டத்துக்குள் சென்றது. சிங்கப்பூரிலோ அது பழைய ஏட்டிலேயே, நாடு விடுதலை பெற்றபின் எவர்மீதும் பயன்படுத்தப்படாமல் உறங்கிக் கிடந்தது. ஈஸ்வரன் வழக்கிலேயே அது விழித்தெழுந்தது. முதலில் ஊழல் தடுப்புச் சட்டத்தின்கீழ்ச் சாட்டப்பட்டிருந்த இரு குற்றச்சாட்டுகளும் விசாரணை நாளன்று இப்பிரிவின்கீழ் மாற்றப்பட்டன. கொடுத்தவரும் பெற்றவரும் ஒருங்கே மறுத்தால் கெட்ட நோக்கத்தை மெய்ப்பிப்பது அரிது என்பதை அரசுத் தரப்பு உணர்ந்திருந்தது. இம்மாற்றத்தைச் சலுகை எனக் கருதி முணுமுணுத்தோரும் உளர். அம்முணுமுணுப்பில் நியாயம் சிறிது உண்டு. ஆனால் மெய்ப்பிக்க இயலாத பெருங்குற்றத்தைக் காட்டிலும் மெய்ப்பிக்கப்பட்ட சிறுகுற்றமே அறங்கூறு மன்றத்துக்கு உரியது.

ஐந்தாவது குற்றச்சாட்டுத்தான் மாணவர் மனத்தைப் பெரிதும் குழப்புவது. 2022 டிசம்பரில் கத்தார் சென்ற அமைச்சர், தோஹாவிலிருந்து வணிகர் செலவில் உயர்வகுப்பு இருக்கையில் திரும்பினார். பயணச்சீட்டின் விலை 5,700 வெள்ளி. ஐந்து மாதங்கள் கழிந்தன. 2023 மே மாதத்தில், லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவினர் வேறொரு விசாரணையின்போது அப்பயணத்தின் பயணிகள் பட்டியலைக் கைப்பற்றினர் என்னும் செய்தி வணிகர் வாயிலாக அவருக்கு எட்டியது. உடனே அவர் தமக்குக் கட்டணச்சீட்டு அனுப்புமாறு கேட்டு, 5,700 வெள்ளிக்குக் காசோலை கொடுத்தார்.

“பணத்தைத்தான் கொடுத்துவிட்டாரே, ஐயா! கொடுத்தது எப்படிக் குற்றமாகும்?” என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டால், அவனைக் கடிந்துகொள்ளலாகாது. கடன் தீர்ப்பது அறம் என்றே அவனுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. அவனுக்கு விளக்க வேண்டியது காலத்தைப் பற்றி. டிசம்பரில் கொடுத்திருந்தால் அது கட்டணம். மே மாதத்தில், பட்டியல் கைப்பற்றப்பட்டதை அறிந்தபின் கொடுத்தபோது அது திரை. விலை கொடாமல் பெற்றதை விலைக்கு வாங்கியதுபோல் தோன்றச் செய்யும் செயல். ஆகவே நீதிக்கு இடையூறு. அதே காசோலை, அதே தொகை. இறந்தகால வினைமுற்றை மாற்றி எழுத எந்தக் காசோலைக்கும் ஆற்றல் இல்லை.

தீர்ப்பு நாளாகிய அக்டோபர் 3ஆம் தேதி எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. அரசுத் தரப்பு ஆறு முதல் ஏழு மாதச் சிறை கேட்டிருந்தது. எதிர்த்தரப்பு எட்டு வாரங்களுக்கு மேற்படலாகாது என்றது. நீதிபதி வின்சென்ட் ஹூங் இரண்டும் போதா எனக் கொண்டு பன்னிரண்டு மாதம் விதித்தார். பதவி உயர உயரக் குற்றத்தின் கனமும் உயரும் என்பதும், பொது அமைப்புகளின்மீது மக்கள் வைக்கும் நம்பிக்கையே நல்லாட்சிக்கு அடித்தளம் என்பதும் அவர் காட்டிய காரணங்கள். ஈஸ்வரன் ஏறத்தாழ 380,000 வெள்ளியை அரசிடம் செலுத்தியிருந்தார். ஆயினும், குற்றமற்றவர் என விடுவிக்கப்படுவோம் என்று முன்னர் வெளிப்படையாகக் கூறியிருந்தவரின் வருத்தத்தை முழுமையாக ஏற்க நீதிபதிக்கு இயலவில்லை. பின்னர் ஈஸ்வரன் மேல்முறையீடு செய்யாது, பொறுப்பை ஏற்று நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கோரினார். அதனையும் சொல்லாமல் விடுவது முறையன்று.

மாணவர் கட்டுரைகளில் நீதி என்னும் சொல் வந்தால் மனுநீதிச் சோழன் வராமல் இருப்பதில்லை. ஆசிரியர்களும் அவ்வெடுத்துக்காட்டுக்கு மதிப்பெண் இட்டுப் பழகிவிட்டனர். இவ்வழக்கைப் பற்றி எழுதச் சொன்னாலும் கன்றும் தேரும் ஆராய்ச்சி மணியும் ஓடி வரும். ஆனால் அக்கதை இங்கே பொருந்துமா என எண்ணிப் பார்த்தல் நன்று. திருவாரூரில் முறையீட்டைக் கேட்டவனும் தீர்ப்பளித்தவனும் தண்டனையை நிறைவேற்றியவனும் ஒருவனே. அவன் நல்லவனாய் இருந்தான்; அதனால் அறம் பிழைத்தது. மதுரையிலும் அவ்வாறே ஒருவன் இருந்தான், பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்றான், நகரமே எரிந்தது. அரசன் நெஞ்சை நம்பிய நீதி ஓரிடத்தில் ஓங்கும், ஓரிடத்தில் வீழும். சிங்கப்பூரில் புலனாய்வுப் பிரிவின் தலைவர் 2023 ஜூலை 5ஆம் தேதி அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கிடம் செய்தியைத் தெரிவித்தார்; மறுநாள் பிரதமர் இசைந்தார். அவர் இசையாதிருந்தாலும் அதிபரின் ஒப்புதலோடு விசாரணையைத் தொடர அரசமைப்புச் சட்டத்தில் வழி உண்டு. குற்றம் சாட்டியவர் வேறு; தீர்ப்பளித்தவர் வேறு. பிரதமருடைய நெஞ்சின் நேர்மையை மட்டும் நம்பி இவ்வமைப்பு நிற்கவில்லை.

அப்பிரிவு தோன்றிய கதையே ஒரு படிப்பினை. 1951இல் பொங்கோல் கடற்கரையில் 1,800 இராத்தல் அபின் கொள்ளை போயிற்று. கொள்ளையருள் காவல்துறைத் துப்பறிவாளரும் இருந்தனர். காவலரைக் காவலர் விசாரிப்பது பயன்படாது எனக் கண்டு 1952இல் தனிப்பிரிவை அமைத்தது காலனி அரசு. 1975இல் வீ தூன் பூன் என்னும் துணை அமைச்சர் சிறை புகுந்தார். நாலரை ஆண்டாக விதிக்கப்பட்ட தண்டனை மேல்முறையீட்டில் பதினெட்டு மாதமாயிற்று. 1986இல் தேசிய வளர்ச்சி அமைச்சர் டே சியாங் வான், விசாரணை நடந்துகொண்டிருக்கையிலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

தாய்த்தமிழகத்தில் ஒரு முதலமைச்சர்மீது 1996இல் தொடங்கிய சொத்துக்குவிப்பு வழக்கு, 2014இல் தண்டனை, 2015இல் விடுதலை என மாறி, 2017 பிப்ரவரியில் உச்சநீதிமன்றத்தில் முடிந்தபோது, முதற்குற்றவாளியாகிய செல்வி ஜெயலலிதா உயிரோடு இல்லை. ஈஸ்வரன் வழக்கு, கைதிலிருந்து தீர்ப்புவரை பதினைந்து மாதங்களில் முடிந்தது. ஒப்பிட்டுப் பெருமை கொள்வதற்கு ஒன்றுமில்லை; இரு நாடுகளின் பரப்பும் வழக்குச் சுமையும் வேறு. ஆயினும் முதலாம் வகுப்பில் கேட்ட செய்தியின் முடிவைப் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறும்போது கேட்கும் மாணவனுக்கு நீதி என்பது கதையாகத்தான் தோன்றும்.

2025 பிப்ரவரி 7ஆம் தேதி ஈஸ்வரன் வீட்டுக் காவலுக்கு மாற்றப்பட்டார். ஜூன் 6ஆம் தேதி தண்டனை முடிந்தது. ஆகஸ்டில் ஓங் பெங் செங் நீதிக்கு இடையூறாகத் துணைநின்ற குற்றத்தை ஒப்புக்கொண்டார். கடும் நோயுற்ற அவருக்கு நீதிமன்றம் இரக்கம் காட்டி, சிறைக்கு மாறாக 30,000 வெள்ளி அபராதம் விதித்தது. தேநீர்க்கடைகளில் மீண்டும் இருவகைப் பேச்சு எழுந்தது.

அவ்வாண்டு தீபாவளிக்கு ஒரு வாரத்துக்கு முன், பள்ளி ஒன்றின் தமிழ்த்துறைத் தலைவர் மேசையில் ஓர் இனிப்புப் பெட்டி வந்து அமர்ந்தது. ஆண்டுதோறும் வருவதுதான். முந்தைய ஆண்டுகளில் அது ஆசிரியர் அறைக்குச் சென்று அரைமணியில் காலியாகிவிடும். எவரும் அதைப் பற்றி இருமுறை எண்ணியதில்லை. அனுப்பியவர் அன்பான மனிதர். ஆசிரியர்தம் பிள்ளைகளின் பெயர்களைக்கூட அறிந்தவர். பள்ளி நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் விற்பவரும் அவரே. எந்த நூல்கள், எவரிடமிருந்து என முடிவு செய்யும் தாளில் ஒப்பமிடுபவரோ அத்துறைத் தலைவர்.

அவர் பெட்டியைத் திறக்கவில்லை. அலுவலகத்துக்கு எடுத்துச் சென்று அறிவிப்புப் படிவம் ஒன்று கேட்டார். எழுத்தர் வியப்போடு பார்த்து, “இனிப்புக்கா, ஐயா?” என்றார். அனுப்பியவர் பெயர், பெற்ற நாள் ஆகிய கட்டங்களை நிரப்பியவர், மதிப்பு என்னும் கட்டத்தில் எழுதுகோலை நிறுத்தினார். பின்னர்ப் பெட்டியின் பக்கத்தில் அச்சிட்டிருந்த தொலைபேசி எண்ணைப் பார்த்துக் கடையை அழைத்து, அதன் விலை என்ன என்று கேட்டார்.