கைப்பேசிக்குள் இருக்கும் பாட்டு



நம் களமருதூர் சபையின் வாலிபர் ஒருவர் தாமே எழுதி, மெட்டமைத்துப் பாடிய ஏழு பாடல்களை மூன்று வருடங்களாகக் கைப்பேசியிலேயே வைத்திருக்கிறார். (யாரென்று தேடாதேயுங்கள்.) பகலில் கரும்பு லாரிகளின் இரைச்சல் ஓயாதென்று, இரவில் அறைக்குள் போர்வையைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தவை அவை. என்னிடம் கொண்டுவந்தபோது, "இன்னும் கொஞ்சம் சரிசெய்யுங்கள், தம்பி" என்றேன். மறுமுறையும் அதையே சொன்னேன். பின்பு அவர் வரவில்லை.

சென்ற வாரம் தஞ்சை ஆபிரகாம் பண்டிதரைக் குறித்து வாசிக்கையில் என் வார்த்தையே என்னைக் குத்திற்று. 1859இல் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்து, ஆசிரியராயிருந்து, சித்த மருத்துவராய்த் தஞ்சையில் பேர்பெற்றவர் அவர். மருந்து ஈட்டிய பணத்தை இசைக்குச் செலவிட்டார். சொந்தச் செலவில் இசை மாநாடுகளைக் கூட்டினார்; சொந்த அச்சகமே நிறுவினார். தாம் இயற்றிய கீர்த்தனைகளை நூலாக்கினார். 1917இல், ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் 'கருணாமிர்த சாகரம்' என்னும் இசைநூலின் முதல் பாகத்தை வெளியிட்டார். இரண்டாம் பாகமும் ஆகட்டும், சேர்த்தே தருவோம் என்று அவர் காத்திருக்கவில்லை. 1919இல் மரித்தார். அந்த இரண்டாம் பாகம் 1946இல்தான், அவருடைய மகளின் முயற்சியால், அச்சேறிற்று.

தாலந்தைப் புதைத்த ஊழியக்காரனைக் குறித்து எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அவன் பயந்துபோய்ப் புதைத்தான். இங்கேயோ, குழிதோண்ட மண்வெட்டி எடுத்துக் கொடுத்தவன் நான்.

உங்களில் எவரேனும் இப்படிப் பூட்டி வைத்திருந்தால், பிழையையும் பயத்தையும் பிரித்துப் பாருங்கள். சுருதி விலகினால் மறுபடியும் பாடலாம். வேறொருவருடைய இசைத்தடத்தை எடுத்திருந்தால் அனுமதி கேளுங்கள். இல்லையேல் உரிமை கோரிப் பாடலை நீக்கச் செய்வார்கள். உடன் வாசித்தவருடைய பெயரை மறவாமல் போடுங்கள். "கேட்டுச் சிரிப்பார்களோ" என்பதை மட்டும் எத்தனை முறை பதிவு செய்தாலும் திருத்த முடியாது. இன்றைக்கு யூடியூபில் ஒரு பாடலை ஏற்ற அச்சகம் வேண்டியதில்லை.

வியாழக்கிழமை அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். வெகுநேரம் பேசாதிருந்தார். பின்பு, ஒரே ஒரு பாடலை முதலில் வெளியிட இசைந்தார். அது உங்களிடம் வரும்போது, மூன்றாம் சரணத்தின் பின்னே தூரத்தில் ஒரு லாரியின் ஹாரன் கேட்கும். அதை நீக்கவேண்டாமென்று சொன்னவன் நானே.