குறித்து வைத்த விருப்பம்

விருப்பம் உள்ள இடத்தில் மனக்குறையும் உடன் இருக்கும். மைசூரு விஜயநகரில் வளரும் தமிழ்ச் சிறுவர் சிறுமியரைக் கேட்டால் இது விளங்கும். நகரத்துத் திரையரங்குக்குத் தமிழ்ப்படம் ஒன்று வந்தால், வீட்டார் நாள் பார்ப்பதற்குள் அது மாறிவிடுகிறது. தொலைக்காட்சியில் சுவையான காட்சி வரும் வேளையில் விளம்பரம் குறுக்கிடுகிறது. கைபேசியில் பாட்டு ஒலிக்கிறது. பாடியவர் பெயர் தெரிகிறது, எழுதிய கவிஞரின் பெயரோ பல வேளைகளில் தெரிவதில்லை. "எப்போது பார்த்தாலும் சினிமாதானா?" என்று பெரியோர் கடிந்துகொள்வது வேறு!

இதே விருப்பத்தைப் பயனுள்ள பணியாக மாற்றியவர் ஒருவர் உண்டு. அவர்தாம் பிலிம் நியூஸ் ஆனந்தன் (1928–2016). நிழற்படம் எடுப்பதில் ஆர்வம் மிக்க இவருடைய படங்கள் 'பிலிம் நியூஸ்' என்னும் இதழில் வெளிவந்தன. இதழின் பெயரே இவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1958இல் வெளியான 'நாடோடி மன்னன்' படத்தின் நிழற்படங்களைப் பத்திரிகை அலுவலகங்களுக்குத் தாமே கொண்டுசேர்த்தார். தமிழ்த் திரையுலகின் முதல் மக்கள் தொடர்பாளர் என்று பெயர் பெற்றார்.

அந்நாளில் திரையரங்குகளில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். நடிகர் பெயர்களும் பாடல்களும் கதைச் சுருக்கமும் அதில் இருக்கும். கதையின் முடிவை மட்டும் சொல்லாமல், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்திவிடுவார்கள். படம் பார்த்தபின் பலர் அதை எறிந்துவிடுவர். ஆனந்தனோ அத்தகைய புத்தகங்களையும் நிழற்படங்களையும் சேர்த்து வைத்தார். எந்தப் படம் எந்த ஆண்டு வந்தது, அதில் யார் யார் பணியாற்றினர் என்பதை இடைவிடாமல் குறித்து வந்தார்.

இந்தக் குறிப்புகளால் என்ன பயன்? தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வெளியாயிற்று. டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, உடன் நடித்தவர் தெலுங்கில் மறுமொழி கூறினார். விஜயநகர் வீதியில் தமிழும் கன்னடமும் மாறி மாறி ஒலிப்பதைக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு இது வியப்பாக இராது. ஆனால் அப்படத்தை இன்று பார்க்க வழியில்லை. அதன் படச்சுருள் கிடைக்கவில்லை. அக்காலத்துப் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றுபவை. அவற்றிலிருந்த வெள்ளிக்காக உருக்கப்பட்டவையும் உண்டு. படம் அழிந்த பிறகு, அதைப் பற்றி அறியத் தாளில் எஞ்சியவையே துணை.

ஆனந்தன் திரட்டிய செய்திகள் 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்னும் பெரிய நூலாயின. அவருடைய சேகரிப்பைத் தமிழ்நாட்டு அரசு பெற்றுக்கொண்டது. பொழுதுபோக்காகத் தொடங்கியது வரலாற்றுக்கு ஆவணமாயிற்று.

பிறந்த மண்ணை விட்டு வந்த குடும்பங்களில், தமிழ் பெரும்பாலும் காதால் கேட்கும் மொழியாகவே நின்றுவிடுகிறது. கேட்டது நாளடைவில் மறந்துபோகும், எழுதியது நிலைக்கும். ஆகவே, பிடித்த படத்தைப் பார்த்தபின் அதன் பெயர், ஆண்டு, பாடல் எழுதிய கவிஞரின் பெயர், பொருள் விளங்காத சொல் ஒன்று ஆகிய நான்கையும் ஒரு குறிப்பேட்டில் தமிழிலேயே எழுதுங்கள். அந்தச் சொல்லின் பொருளைத் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். சினிமா பார்ப்பதைக் கடிந்துகொண்டவர்களும் அப்போது அருகில் அமர்ந்து, தம் காலத்துப் படங்களைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.