லகானைப் பிடித்த கை

எங்கள் பள்ளிப்பட்டு ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த 1960-ல் எனக்கு ஒன்பது வயது. தெருக்கோடி ஜட்கா வண்டித் தாத்தா ஒருநாள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து லகானைக் கையில் கொடுத்தார். பயத்தில் இறுக்கி இழுத்துவிட்டேன். குதிரை தலையைத் தூக்கி வாயைப் பிளந்தது.

"மெல்லகா நாயனா, மெல்லகா!" என்று தெலுங்கில் அதட்டினார். வண்டியை நிறுத்தி, குதிரையின் உதட்டை விலக்கிக் காட்டினார். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத இடம். கடிவாள இரும்பு அங்கே வெறும் ஈறின்மேல் கிடந்தது. ஈறு சிவந்திருந்தது.

பிறகு என் விரல்மேல் தன் கையை வைத்துக்கொண்டார். நடக்கும்போது குதிரை தலையை ஆட்டுமல்லவா, அதோடு நம் கையும் போய்வர வேண்டுமாம். வார் தொங்கவும் கூடாது, விறைக்கவும் கூடாது. நிறுத்த விரலை மடக்கினால் போதும். நின்றதும் விட்டுவிட வேண்டும். அந்த விடுவதுதான் எனக்கு வரவில்லை.

இறங்கியதும் கழுத்தைத் தடவப் போனேன். குதிரை முகத்தைத் திருப்பிக்கொண்டது.