க்செனியாவும் ஆச்சியின்ர சுண்ணாம்பும்

போன சனிக்கிழமை முழுநாளும் மீன்தொட்டிக்குள்ள கையை விட்டபடியே போச்சுது. மனுசி ரண்டுதரம் சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்தா, மூண்டாந்தரம் கூப்பிடேல்லை.

என்னட்டை ஒரு 240 லீற்றர் கடல்தண்ணித் தொட்டி இருக்கு. 2004 இல கீழ்வீட்டு ஜேர்மன் கிழவர் தந்தது. நிலக்கரிச் சுரங்கத்தில வேலைசெய்து ஓய்வெடுத்த மனுசன். நான் அசூல் அடிச்சு இந்த ஊருக்கு வந்த காலத்தில, படியில என்னைக் கண்டு வணக்கம் சொன்ன முதல் ஆள். "நீ தீவிலயிருந்து வந்தனியெல்லே, உனக்குக் கடல் தெரியும்" எண்டு சொல்லித் தொட்டியைத் தந்திட்டார். எனக்குத் தெரிஞ்சது நெடுந்தீவுக் கடல். எங்களுக்கு முருகைக்கல் எண்டால் வேலி. சீமெந்து ஒண்டும் இல்லாமல், ஆடும் குதிரையும் பாயாதபடிக்கு ஒண்டுக்குமேல ஒண்டு அடுக்கின மதில். உயிரோட இருக்கேக்கை அது என்ன நிறம் எண்டு நான் கண்டது இங்க, நிலக்கரி ஊரொண்டின்ர மூண்டாம் மாடியில.

க்செனியாவைக் கொண்டுவந்தது என்ர மகள். 2008 இல கிழவரோட மீன் வளர்க்கிற ஆக்களின்ர சந்திப்புக்குப் போனனாங்கள். நெருப்புப்பெட்டி அளவு கல்லில நாலு தண்டு. ஒவ்வொரு தண்டின்ர தலையிலயும் குட்டிப் பூக்கள், ஒவ்வொரு பூவுக்கும் எட்டு இறகு. விரிஞ்சு மூடி, விரிஞ்சு மூடி. "அப்பா, கை கொட்டுது!" எண்டாள். பிறகென்ன, வாங்கினதுதான். அது ஏன் கை கொட்டுது எண்டு 2013 இல இஸ்ரேல் ஆய்வாளர்கள் விளக்கினவை. உடம்புக்குள்ள இருக்கிற பாசி வெளிச்சத்தில ஒட்சிசனை விடும். அது அங்கேயே தேங்கி நிண்டால் பாசிக்குச் சாப்பாடு செய்யிறது கஷ்டம். கை கொட்டினால் ஒட்சிசன் விலகிப்போகும். பார்க்கிற எங்களுக்குத்தான் அது விளையாட்டு.

2009 மே மாத இரவுகளில நான் அதுக்கு முன்னாலதான் இருந்தனான். ரீவியைப் போட்டாலும் பயம், நிப்பாட்டினாலும் பயம். நீல விளக்கை மட்டும் விட்டிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பன். அதாலதான் அது பரவத் தொடங்கினதைக் கண்டும் கண்டுக்காமல் விட்டிட்டன்.

2010 இல பாதிக் கல்லுகளை மூடிப்போட்டுது. பிளேட்டை எடுத்து வெட்டினன். அதைப்போல பிழை வேறயில்லை. அடியில கடுகளவு மிஞ்சினாலும் திரும்ப முளைக்கும், மிதந்துபோன துண்டு பம்புக்குப் பின்னால ஒட்டி வேர்விடும். வாழையை வெட்டின கதைதான். அதோட வெட்டின காயத்தால வந்த சளி தண்ணியில கலந்து மீன்கள் மூச்சு வாங்கத் தொடங்கீட்டுது. கிழவர் வந்து கரியைப் போட்டு, தண்ணி மாத்தி, என்னை நல்லாப் பேசினார். "தண்டை வெட்டாதை, கல்லை எடு" எண்டார். கல்லை வெளியில எடுத்து, அடியோட சேர்த்து மேல்தோலை உளியால கொத்தி எடுக்கவேணும்.

எடுக்கேலாத பெரிய கல்லுக்குச் சுண்ணாம்பு. ஓம், ஆச்சி வெத்திலையில பூசின அதே சாமான்தான். தோசைமாப் பதத்தில குழைச்சு, பம்பை நிப்பாட்டிப்போட்டு, சிறிஞ்சால தண்டை மூடுறமாதிரி வைக்கவேணும். ஒரு நாளைக்கு ரண்டு மூண்டு இடம் மட்டும். ஆசைப்பட்டுக் கூடப் போட்டால் தண்ணியின்ர காரம் ஏறி முழுத்தொட்டிக்கும் செத்தவீடு. கல்குடாப் பக்கம் ஒருகாலம் முருகையை வெட்டிச் சூளையில சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தவை. அதை நினைச்சால் கொஞ்சம் ஒருமாதிரித்தான் இருக்கும்.

மிஞ்சின ஒரு கல்லைத் தனிச்சு மணலுக்கு நடுவில வைச்சன். சுத்திவர ஒரு சாண் வெறும் மணல். மீனுக்குச் சாப்பாட்டையும் குறைச்சன், ஊத்தைத் தண்ணியெண்டால் இதுக்குக் கொண்டாட்டம். கனகாலம் அடங்கி இருந்தது.

அந்தச் சந்திப்பில ஒருதரம் நான் இதைச் சொல்ல, ஒருத்தர் சிரிச்சுக்கொண்டு, "வெளிநாட்டுக்காரர் இப்பிடித்தான், ஒண்டை விட்டால் முழுக் குடும்பமும் வந்திடும்" எண்டார். பிறகுதான் என்னைப் பார்த்தார். ஒருத்தரும் பேசேல்லை. கிழவர் மட்டும், கிரேக்கத்தில 'க்செனோஸ்' எண்டால் அந்நியனும் விருந்தாளியும் ஒரே சொல் எண்டு சொல்லிப்போட்டு என்னைக் காருக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆனாலும் உண்மையைச் சொல்லவேணும். இதே குடும்பத்து முருகை ஒண்டு வெனிசுவேலாக் கரையில பரவி அங்கத்தையப் பாறைகளை மூடிக்கொண்டிருக்கு. 2020 இல ஹவாயில பேர்ல் துறைமுகத்திலயும் கண்டவை. மீன்தொட்டிகளில இருந்துதான் போயிருக்கவேணும் எண்டு சொல்லுகினம். அது தானாக் கடல் தாண்டிப் போகேல்லை, ஆரோ கொண்டுபோய் விட்டது. அதால நான் ஒரு துண்டையும் தண்ணியில விடுறதில்லை. பல்கனியில காயவைச்சுத்தான் குப்பையில போடுறது.

கிழவர் 2019 இல போயிட்டார். அவற்ர சுத்தியல் முருகையை மகன் என்னட்டைத் தந்தவர். ரண்டு தலையோட வந்தது இப்ப பன்னிரண்டு. இந்த வருசம் எனக்கு முதுகுவலி, ஆறு மாசம் தொட்டியைக் கவனிக்கேல்லை. க்செனியா மணலைத் தாண்டி, சுத்தியலின்ர அடியைச் சுத்தி வளைச்சுப்போட்டுது. நிழலில ரண்டு தலை விரியாமல் சுருங்கிக் கிடந்தது. அதுதான் சனிக்கிழமை முழுசா எடுக்கிறதெண்டு இறங்கினன்.

பின்னேரம் மகள் ரெலிபோன் எடுத்தாள். இப்ப வேற நகரத்தில வேலை. விசயத்தைச் சொன்னன். கொஞ்சநேரம் சத்தமில்லை. "எல்லாத்தையுமோ அப்பா?"

வாளிக்குள்ள கடைசிக் கல்லு கிடந்தது. வெளித்தண்ணி பட்டுச் சுருங்கினது, மெல்ல விரியத் தொடங்கியிருந்தது. நிலவறையில கிடந்த பழைய 30 லீற்றர் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து குசினியில அரிசி வாளிக்குப் பக்கத்தில வைச்சன்.

மனுசி பார்த்தா. "இதுக்கும் கரண்டோ?" எண்டா.