இடமரை

போலாரத்தின் ரிசாலா பஜாருக்குப் பின்புறம், ஒரு வீட்டை ஒட்டிய கல்நார்க் கொட்டகையில், 1948ஆம் ஆண்டைச் சேர்ந்த பிளிமத் கார் ஒன்று 1996இலிருந்து நிற்கிறது. நிற்கிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. டயர்கள் காற்றிழந்து, சக்கர விளிம்புகள் செம்மண்ணில் பாதி இறங்கிவிட்டன. ஓட்டுநர் காலடித் தகட்டைத் துரு தின்றுவிட்டதால், கதவைத் திறந்து குனிந்தால் நேரே தரையும் அதில் ஓர் எறும்புப் புற்றும் தெரிகின்றன. பானெட்டின் நுனியில் இருந்த பாய்மரக் கப்பல் உருவம் எப்போதோ களவு போயிற்று. அது பொருந்தியிருந்த துளைகள் மட்டும் எஞ்சியுள்ளன.

காரின் இன்றைய உரிமையாளர் தென்மத்திய ரயில்வேயின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறார். அவருடைய முன்னோர் சென்னைப் படையோடு செகந்திராபாத் பாசறைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தவர்கள். ரிசாலா என்றால் குதிரைப்படை. ஐதராபாத் கண்டிஞ்சென்ட் என்ற படையின் குதிரைகள் நின்ற இடத்தில் இப்போது கைப்பேசிக் கடைகள் இருக்கின்றன, பெயர் மட்டும் நகரவில்லை. அந்த வீட்டுத் தமிழும் அப்படித்தான். பாட்டி காலத்து வடார்க்காட்டுச் சொற்களுக்கு நடுவே தக்கிணி உருதுவின் ‘நக்கோ’ இயல்பாக வந்து உட்காரும். வேண்டாம் என்பதற்கு அதைவிடச் சுருக்கமான சொல் அந்தத் தெருவில் கிடையாது.

கார் அவருடைய தந்தையார் 1968இல் வாங்கியது. கண்டோன்மென்ட்டிலிருந்து ஓய்வுபெற்று ஊர் திரும்பிய அதிகாரி ஒருவர் விற்றுச் சென்றார். ஊரிலிருந்து வந்த உறவினர்கள் அதைப் ‘பிளஷர்’ என்றே அழைத்தார்களாம். தமிழகக் கிராமங்களில் சொந்தக் காருக்கு ஒரு தலைமுறை முழுவதும் அதுதான் பெயர். சரக்கு வண்டியிலிருந்தும் வாடகை வண்டியிலிருந்தும் பிரித்துக் காட்ட வந்த ‘இன்ப வண்டி’ என்னும் ஆங்கில வழக்கின் மிச்சம். கார்களைச் சுற்றியுள்ள சொற்கள் கார்களைவிட நீண்ட ஆயுள் கொண்டவை. வேல்சின் லனெல்லி நகரத்து ஸ்டெப்னி தெருவில் 1904இல் விற்பனைக்கு வந்த மாற்றுச் சக்கரம் உலகம் மறந்த பொருளாகிவிட்டது. அந்தத் தெருவின் பெயரை இன்றும் சுமந்து திரிவது நம்முடைய ஆட்டோ ஓட்டுநர்கள்தாம்.

பிளிமத் என்ற பெயரைக் கேட்டால் அமெரிக்க வாகனப் பிரியர்களின் மனத்தில் எழுவது இந்தக் குண்டு உருவம் அன்று. 1964 ஏப்ரல் 1ஆம் நாள் அதே நிறுவனம் வெளியிட்ட பாரகுடா, 1968இல் வந்த ரோடு ரன்னர் போன்ற ‘மசில் கார்’களே நினைவுக்கு வரும். நடுத்தர அளவுள்ள உடலுக்குள் மிகப் பெரிய எஞ்சினைத் திணித்து, இளைஞர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் விற்பது அவ்வகைக் கார்களின் சூத்திரம். பான்டியாக் நிறுவனம் 1964இல் 389 கன அங்குல எஞ்சினைத் தன் டெம்பெஸ்ட் காருக்குள் வைத்து ஜி.டி.ஓ. என்று பெயரிட்டதிலிருந்து அந்தக் காலத்தைக் கணக்கிடுவார்கள். இந்தியாவுக்கு அவை முறையாக வந்ததே இல்லை. உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இங்கு இடமில்லை என்ற நிலையை 1953இல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி அரசு எடுத்தபின், ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்சும் கடையைக் கட்டின. வால்சந்த் ஹிராசந்தின் பிரீமியர் நிறுவனம் கிரைஸ்லரோடு ஒப்பந்தம் செய்து, கழற்றிய நிலையில் கப்பலில் வந்த டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ கார்களைப் பம்பாய்க் குர்லாவில் பூட்டி விற்றது. ஆக, போலாரம் போன்ற ஊர்களில் ‘பழைய அமெரிக்கக் கார்’ என்றால் பெரும்பாலும் 1940களையும் 1950களையும் சேர்ந்த, ஆறு சிலிண்டர் கொண்ட, அவசரமே இல்லாத வண்டிதான். இந்த மாதிரியின் அமெரிக்க வடிவத்தில் 217.8 கன அங்குல எஞ்சின், 95 குதிரைத்திறன். அக்காலத்துக்கு அது தாராளம்.

இரண்டு கதைகளும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களாலும் காப்பீட்டுக் கட்டணங்களாலும் முன்பே தளர்ந்திருந்த மசில் கார்களுக்கு அது கடைசி அடி. பாரகுடாவின் உற்பத்தி 1974 ஏப்ரல் 1ஆம் நாள், பிறந்து சரியாகப் பத்தாண்டுகளில், நின்றது. அதே ஆண்டு போலாரத்தில், வீட்டுச் செலவுக்கு வேறு வழியின்றிக் காரை வாடகைக்கு ஓட்டத் தொடங்கியிருந்த தந்தையார், பெட்ரோல் எஞ்சினை இறக்கி விற்றுவிட்டு, சென்னைச் சிம்சன் நிறுவனத்தின் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் ஒன்றைப் பழையதாக வாங்கிப் பொருத்தினார். டெட்ராய்ட்டில் உற்பத்தியை நிறுத்தினார்கள். போலாரத்தில் லேத் பட்டறைக்குப் போனார்கள். (1840இல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய கம்பெனியின் எஞ்சின், குதிரைப்படைத் தெருவுக்கு வந்து சேர்ந்ததை யாரும் திட்டமிடவில்லை.)

அந்த மாற்றத்தின் தடயங்கள் காரெங்கும் உள்ளன. சேஸின் முன்குறுக்குச் சட்டத்தை வெட்டி, டீசல் எஞ்சினைத் தாங்கப் புதிய கால்கள் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. பழைய கியர் பெட்டிக்கும் புதிய எஞ்சினுக்கும் இடையே கைக்கணக்கில் கடைந்த ஒரு தட்டு. ஆறு வோல்ட் மின்னமைப்பு பன்னிரண்டாகியிருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் எரிபொருள் என்னுமிடத்தில் ஒரு சொல் அடிக்கப்பட்டு, மேலே நீல மையில் வேறொரு சொல்லும் ஒரு சுருக்கொப்பமும் இருக்கின்றன. ஏட்டுச் சுவடி பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தப் பக்கம் அந்நியமாக இராது.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 2021 ஜூலையில் ஒன்றிய அரசு வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்யலாம். பதிவெண்ணில் ‘வி.ஏ.’ என்ற இரண்டெழுத்து சேரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குச் செல்லும். ஆனால் வண்டி மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். சேஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் நிகழ்ந்திருக்கக் கூடாது. விதியின் நோக்கம் நியாயமானதே. அதை எழுதியவர்கள் அரண்மனைக் கொட்டகைகளில் துணிபோர்த்திக் கிடந்த கார்களை மனத்தில் கொண்டிருக்கலாம். ஆறாம் நிஜாம் வரவழைத்து, அவர் மறைந்தபின் வந்துசேர்ந்து, இப்போது சௌமகல்லா அரண்மனையில் மஞ்சள் நிறத்தில் பளபளக்கும் 1912ஆம் ஆண்டின் ரோல்ஸ் ராய்ஸ் போன்றவற்றுக்கு மூல வடிவம் என்பது எளிய கேள்வி. உழைத்துப் பிழைத்த வண்டிக்கு அப்படியில்லை.

சந்தையோ விதியைவிடக் கடுமையானது. அமெரிக்காவில் ‘எண் பொருத்தம்’ என்றொரு வழக்கு உண்டு: எஞ்சின் கட்டையில் பொறித்த எண்ணும் உடலில் பொறித்த எண்ணும் ஒரே பிறப்பைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். ஜாதகப் பொருத்தம் பார்ப்பவர்கள்கூட அவ்வளவு கறாராக இருப்பதில்லை. 1971ஆம் ஆண்டின் ஹெமி பாரகுடா திறந்த கூரைக் கார் ஒன்று 2014இல் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போனதற்கு, அவ்வகை விரல்விட்டு எண்ணும் அளவிலேயே செய்யப்பட்டதோடு இந்தப் பொருத்தமும் ஒரு காரணம். போலாரத்துப் பிளிமத்தின் பொருத்தம் 1974இலேயே முறிந்துவிட்டது. பி15 என்று தொடங்கும் பழைய எஞ்சின் எண் பதிவுப் புத்தகத்தில் மட்டும் வாழ்கிறது.

உரிமையாளருக்குப் பெட்ரோல் எஞ்சின்தான் வேண்டும். ராணிகஞ்ச் உதிரிபாகக் கடைகளிலும் வியாழக்கிழமைகளில் ஜுமேராத் பஜாரிலும் அவர் சொல்லிவைத்திருக்கிறார். இதை விலையாசை என்று நினைப்பது தவறு. எஞ்சின் மாற்றப்பட்டபோது அவருக்கு எட்டு வயது. அதற்கு முன், முன்னிருக்கையில் தந்தையின் மடியில் அமர்ந்து திருமலகிரி வரை போய்வந்த பயணங்களில், எஞ்சின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்றே தெரியாத அமைதி இருந்ததாம். அதன்பின் வந்தது அதிர்வும் கரும்புகையும். பள்ளி வாசலில் வண்டி வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும், பிள்ளைகள் சிரிப்பார்கள். அவருக்கு மூலம் என்பது அந்த அமைதி.

வரலாறு முதுகலை படிக்கும் மகளுக்கு அது உடன்பாடில்லை. “அப்பா, அந்த டீசல் எஞ்சின்தானே உங்களைப் படிக்கவெச்சது?” என்று அவள் கேட்டதற்கு அவரிடம் பதில் இருக்கவில்லை, தேநீரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மகளின் வாதத்துக்கு ஏட்டுப் பலமும் உண்டு. 1964இன் வெனிஸ் சாசனம், கட்டடங்களைப் பொறுத்தவரை, ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டெடுப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது. பல காலத்துச் சேர்க்கைகளையும் மதிக்கச் சொல்கிறது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, அதே வழியில் டூரின் சாசனத்தை உருவாக்கி, புதுப்பிப்பதைவிடப் பேணுவதற்கே முதலிடம் தருகிறது. வேறெங்கோ பிறந்த ஒரு பி15 எஞ்சினைக் கொண்டுவந்து வைத்தால் வண்டி விதிக்குப் பொருந்தக்கூடும். ஆனால் நாற்பத்தெட்டாம் ஆண்டும் அதில் இராது, எழுபத்துநான்காம் ஆண்டும் இராது. பாடபேதத்தை நீக்குவதாக எண்ணிப் புதிய பாடத்தைப் புனையும் பதிப்பாசிரியரின் நிலை அது. எனினும், ஒரு சிறுவனின் காதில் மிச்சமிருக்கும் அமைதிக்கு எந்தச் சாசனத்திலும் பிரிவு இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல மறுப்பவர் உஸ்தாத். எழுபதைத் தாண்டிய மெக்கானிக். தந்தையாரின் காலத்தில் அந்த எஞ்சின் மாற்றத்தின்போது பையனாக ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவர். ஞாயிறுதோறும் வருகிறார். முதல் ஞாயிறு உரிமையாளர் ஆர்வத்தில் புது பேட்டரி ஒன்றை வாங்கி வைத்திருந்தார். “நக்கோ சாப்” என்று அதைத் தள்ளிவைத்துவிட்டார் உஸ்தாத். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அசையாத எஞ்சினைச் சுற்றவைத்தால், சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கும் பிஸ்டன் வளையங்கள் சுவரையே கீறிவிடும். முதலில் இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எண்ணெய் ஊற்றி, வாரக்கணக்கில் ஊறவிட வேண்டும். பிறகு கையால் சுற்றிப் பார்க்கலாம். பெட்ரோலா டீசலா என்ற பேச்சு அதற்குப் பின்புதான்.

ஆகவே இதுவரை நடந்திருப்பதெல்லாம் வாசிப்பு மட்டுமே. துணி சுற்றிய காந்தத்தை உடலெங்கும் ஓட்டிப் பார்த்தார்கள். அது பற்றாத இடங்களில் தகட்டுக்கு மேல் பட்டி தடிமனாகப் பூசப்பட்டிருக்கிறது என்று பொருள். பின் மட்கார்டு இரண்டும் கிட்டத்தட்டப் பட்டியாலேயே ஆனவை. டிக்கியின் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேய்த்தபோது நிறங்கள் வளையம் வளையமாகத் திறந்தன: வெளிர்நீலம், கறுப்பு, மறுபடியும் கறுப்பு, ரெட் ஆக்சைடு, எல்லாவற்றுக்கும் அடியில் மங்கிய கரும்பச்சை. அந்தப் பச்சையை உரிமையாளரும் பார்த்ததில்லை. அவர் நினைவில் உள்ள அமைதியான கார் கறுப்பு நிறமுடையது. அதாவது, அவர் மீட்க விரும்பும் மூலத்துக்கும் முன்னால் ஒரு மூலம் இருந்திருக்கிறது. அவர் அந்த வளையங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் புகைப்படம் எடுத்து எண்ணிட்டாள். கழற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் அட்டை. அட்டையில் எங்கிருந்தது, எந்த நிலையில் இருந்தது, எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்ற மூன்று கட்டங்கள். மூன்றாம் கட்டம் அடிக்கடி காலியாக இருக்கிறது.

போன ஞாயிறு சக்கரங்களைக் கழற்றி, வண்டியை மரக்கட்டைகள் மேல் ஏற்றத் தொடங்கினார்கள். வலப்பக்கச் சக்கரங்கள் மண்ணெண்ணெய்க்கு இணங்கி வந்துவிட்டன. இடப்பக்கத்துக்கு உரிமையாளரே ஸ்பானரோடு உட்கார்ந்தார். முழுப் பலத்தோடு அழுத்தியும் போல்ட் அசையவில்லை. நீளக் குழாயை ஸ்பானரில் செருகி இன்னொரு முறை மிதிக்கப் போனபோது உஸ்தாத் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டார். அக்காலக் கிரைஸ்லர் வண்டிகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடமரை. ஓட்டத்தில் தானே தளர்ந்துவிடாமலிருக்கச் செய்த ஏற்பாடு. போல்ட்டின் தலையில் அழுக்கைச் சுரண்டினால் ‘எல்’ என்ற எழுத்து இருக்கும். வழக்கமான திசையில் திருப்பினால் அது இன்னும் இறுகும், அல்லது முறியும். உஸ்தாத்தின் மொழியில் அது ‘உல்டா சூடி’, தலைகீழ் வளையல். தந்தையார் அதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், அவருக்கு மறந்துவிட்டது.

ஸ்பானரை மறுபுறம் மாட்டினார். முன்சக்கரத்தின் ஐந்து போல்ட்டுகளில் நான்கு வந்தன. ஐந்தாவது வரவில்லை. மகள் நான்கையும் ஒரு டப்பாவில் போட்டு அட்டை எழுதினாள். மூன்றாம் கட்டத்தில் 1948 என்று எழுதிவிட்டு உஸ்தாத்தைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். ஐந்தாவதின் மேல் இன்னும் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிப் பழந்துணியைச் சுற்றிவைத்துவிட்டு, அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் கைகழுவப் போனார்கள்.