எந்த ஊர்?

முதல் ஷிப்டு முடிந்து, ஒரகடம் சாலையில் கம்பெனிப் பேருந்துகளிலிருந்து இறங்கும் இளைஞர் சிலர், மாலை வேளைகளில் நம் ஆலயத் திடலில் கால்பந்து ஆடுவதுண்டு. சென்ற ஆண்டுத் திருவிழாப் போட்டிக்கு அணி சேர்த்தபோது, ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த தம்பி ஒருவன் தன் பெயரையும் எழுதிக்கொள்ளக் கேட்டான். "இது பங்கு மக்களின் அணி, நீ எந்த ஊர்?" என்றோம். ஞாயிறு தவறாமல் நம் திருப்பலியில் நிற்கும் பிள்ளை அவன். மறுமொழி கூறாது போய்விட்டான்.

அந்நாட்களில் பழைய ரக்பி வீரர் ஒருவரின் வாழ்வைப் படிக்க நேர்ந்தது. அவர் பெயர் ஹென்றி ரென்னி-டெய்லியர். 1849 அக்டோபர் 9 அன்று முசூரியில் பிறந்தவர். தந்தை தாமஸ், இந்தியப் பெருநிலத்தை முக்கோணங்களாகப் பகுத்து அளந்த பணியில் ஈடுபட்ட படைப் பொறியாளர். அவ்வளவைக்கு அடிக்கோடு இடப்பட்டது எங்கே தெரியுமா? நமக்கு அருகிலேதான், 1802-இல், புனித தோமையார் மலையை ஒட்டி, லாம்டன் என்பவரால். அங்கிருந்து இமயம்வரை சென்ற பணி அது.

மகனும் அரச பொறியாளர் படையில் சேர்ந்தார். ரக்பியில் அணிக்கு இருபது பேர் ஆடிய காலம் அது. 1872 பிப்ரவரி 5 அன்று இலண்டன் ஓவல் திடலில், ஸ்காட்லாந்துக்காக இங்கிலாந்தை எதிர்த்து ரக்பி ஆடினார். அடுத்த ஆண்டு மார்ச் 8 அன்று அதே திடலில் அதே நாட்டுக்காகக் கால்பந்து ஆடி, கோலும் அடித்தார். 1875-இல் இங்கிலாந்தின் கால்பந்துக் கோப்பையைத் தம் படையணிக்கு வென்று தந்தவர்களுள் ஒருவர். கென்ட் மாவட்டத்துக்காகக் கிரிக்கெட்டும் ஆடினார். பின்னர்க் கர்னலாக உயர்ந்து, டப்ளினில் கின்னஸ் நிறுவனத்தை நிர்வகித்து, 1920-இல் ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸில் கண்மூடினார்.

பிறந்த மண்ணோ முசூரி. ஆடிய நாடோ ஸ்காட்லாந்து. "நீ எந்த ஊர்?" என்று கேட்டு அவரை எவரும் திடலுக்கு வெளியே நிறுத்தவில்லை. உண்மைதான், அவர் ஆளும் இனத்தின் பிள்ளை. கப்பலை விட்டு இறங்கியதும் கதவுகள் திறந்தன. நம் தம்பியோ வயிற்றுப்பாட்டுக்காக இரயிலேறி வந்தவன். ஆயினும் ஒரு கேள்வி நம்மை உறுத்தியது. கடல் கடந்து பிறந்தவனையும் தன் மகனென ஒரு நாடு ஏற்றது, குருதி உறவால். திருமுழுக்கின் நீர் குருதியினும் குறைந்ததோ? ஒரே அப்பத்தை உண்ணக் கொடுத்த கையாலேயே அவன் பெயரை ஒதுக்கினோமே!

மறுவாரம் அவன் தங்கியிருந்த அறையைத் தேடிச் சென்றோம். ஒப்பந்தம் முடிந்து வேறு மாநிலம் போய்விட்டான் என்றனர் உடனிருந்தோர். மன்னிப்புக் கேட்க நமக்கு முகவரியும் கிடைக்கவில்லை.

இவ்வாண்டும் அணிக்குப் பெயர் எழுதுகிறோம். பதிவேட்டில் 'ஊர்' என்றிருந்த பத்தியை நம் கையாலேயே அடித்துவிட்டோம். அவன் அறைத்தோழர் மூவர் பெயர் கொடுத்துள்ளனர்.